ஆயிரத்துக்கு எவ்வளவு?

அக்காவின் மகள் இந்த முறை உயர்தரப் பரீட்சை எடுக்கிறாள், வணிகப் பிரிவு. போன ஞாயிறு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் சரிந்து கிடந்த என்னிடம் கொப்பியை நீட்டினாள். “மாமா, பயோலின்ரை பதினாலையும் பாடமாச் சொல்லுறன், பிழையெண்டா நிப்பாட்டுங்கோ.” வேலைப் பிரிவு, அதிகாரமும் பொறுப்பும், ஒழுக்கம், கட்டளை ஒருமை என்று மூச்சு விடாமல் ஓடினவள் பதினோராவதில் நின்றுவிட்டாள். முகட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அந்தாள் ஏன் மாமா பதினாலு எழுதினது? பத்தோட விட்டிருக்கலாமே.”

நியாயமான கேள்விதான். ஹென்றி பயோலே தன் புத்தகத்தில் இந்த முகாமைத்துவத் தத்துவங்களுக்கு எண்ணிக்கை வரம்பு ஒன்றும் கிடையாது என்றுதான் எழுதியிருக்கிறார். தன் அனுபவத்தில் அடிக்கடி கைகொடுத்தவற்றை எழுதினார், பதினான்கு வந்தது, அவ்வளவுதான். அதைத் தேவாரம் போல மனனம் செய்ய வைத்தது பாடப்புத்தகமும் ரியூசன் கொட்டிலும். அவளுக்குப் பதினொன்றாவதைச் சொல்லிக் கொடுக்காமல் ஒரு குதிரையின் கதையைச் சொன்னேன்.

பயோல் 1860இல், பத்தொன்பது வயதில், பிரான்சில் கொமொந்ரி என்ற இடத்து நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பொறியியலாளராக வந்தவர். அடுத்த வருடம் சுரங்கத்துக்குள் வேலை செய்த குதிரை ஒன்று காலை முறித்துக்கொண்டது. வேறு குதிரை தரும்படி துண்டு எழுதி அனுப்புகிறார். லாயத்தில் இருந்தவன் மறுத்துவிட்டான், துண்டில் பணிப்பாளரின் கையெழுத்து இல்லையாம். பணிப்பாளர் ஊரில் இல்லை. அவர் இல்லாத நேரம் யார் கையெழுத்து வைப்பது என்று ஒருவரையும் வைத்துவிட்டுப் போகவும் இல்லை. கெஞ்சிப் பார்த்தும் லாயக்காரன் மசியவில்லை, அந்தப் பக்கத்து வேலை அன்றைக்கு நின்றே போனது. இளந்தாரிப் பயோல் இதைத் தன் குறிப்புக் கொப்பியில் எழுதி வைத்தார். 1888இல் அதே கம்பனி தாழும் நிலைக்கு வந்தபோது தலைமை இவர் கைக்கு வந்தது, தூக்கி நிறுத்தினார். 1916இல் அவருடைய புத்தகம் வெளிவந்தபோது வயது எழுபத்தைந்தைத் தொட்டிருந்தது. அந்தப் பதினான்கையும் விளங்க வேண்டுமென்றால் குதிரையையும் லாயக்காரனையும் முதலில் பார்க்க வேண்டும். “பெரியவர் லீவு, திங்கட்கிழமை வாங்கோ” என்று ஏதாவது ஒரு கந்தோர் வாசலில் கேட்காத ஆள் எங்கள் ஊரில் உண்டா?

தமிழ்நாட்டுக்காரர் இந்தப் படிப்பை மேலாண்மை என்கிறார்கள், நாங்கள் முகாமைத்துவம் என்கிறோம். மேலே ஒருவர் இருந்து ஆளுகிறார் என்பதை அவர்களுடைய சொல் மறைக்காமல் சொல்லிவிடுகிறது, எங்களுடையது கொஞ்சம் பூசி மெழுகுகிறது. சோதனைக்கு எங்களுடையதை எழுதினால்தான் புள்ளி.

பயோல் மேலேயிருந்து பார்த்தவர். எனக்கு என்றைக்கும் பிடிபடாமலும் விட்டுப்போகாமலும் இருக்கிற ஆள், கீழே தளத்தில் மணிக்கூட்டோடு நின்ற டெய்லர்தான். எங்கள் காலத்து ரியூசன் சேர் “ரெய்லர்” என்றுதான் உச்சரிப்பார். “விஞ்ஞான முகாமைத்துவத்தின் தந்தை ரெய்லர்” என்று அவர் சொன்னதும் பின் வாங்கில் இருந்து ஒருவன், “சேர், எந்தச் சந்தியில கடை?” என்றான். கொட்டில் முழுக்கச் சிரிப்பு. அவனை வெயிலில் நிற்கவிட்டார்கள்.

பிரெட்ரிக் டெய்லர் 1856இல் பிலடெல்பியாவில் வசதியான வீட்டில் பிறந்தவர். ஹார்வர்டுக்குப் போக வேண்டியவர், கண் கோளாறு என்று அதை விட்டுவிட்டுப் பட்டறையில் தொழில் பழகினார். 1878இல் மிட்வேல் உருக்காலையில் சேர்ந்து கடைசல் இயந்திரத்தில் நின்று, பிறகு அதே ஆட்களுக்கு மேற்பார்வையாளர் ஆனார். அங்கேதான் சண்டை தொடங்கியது. ஆட்கள் வேண்டுமென்றே கையை இழுத்துப் பிடித்து வேலை செய்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும், ஏனென்றால் அவரும் கொஞ்சக் காலம் அவர்களில் ஒருவர். மேலே இருப்பவனுக்கு ஒரு வேலைக்கு உண்மையில் எவ்வளவு நேரம் வேண்டும் என்று தெரியாது, கீழே இருப்பவனுக்குத் தெரியும், அவன் சொல்லமாட்டான். மூன்று வருடம் இந்த இழுபறி நடந்தது என்று அவரே எழுதியிருக்கிறார்.

ஏன் சொல்லமாட்டான்? பாடப்புத்தகத்தில் வராத இடம் இது, டெய்லர் அதையும் ஒளிக்காமல் எழுதினார். ஒருவன் கூடுதலாகச் செய்து காட்டுகிறான், உடனே முதலாளி துண்டுக் கூலியை, அதாவது செய்த எண்ணிக்கைக்குக் கொடுக்கிற கூலியை, குறைக்கிறார். இன்னும் கூட்டுகிறான், இன்னும் குறைகிறது. இரண்டு மூன்று தரம் இப்படி வெட்டு வாங்கினவன் பிறகு என்ன சொன்னாலும் கையை விடமாட்டான். டெய்லரின் மருந்து இதுதான்: ஊகத்தில் கூலி வைக்காதே, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து மணிக்கூடு வைத்து அள, அளந்து ஒரு கூலி நிர்ணயித்த பிறகு அதில் கை வைக்காதே. மணிக்கூட்டை எல்லா முதலாளிகளும் வாங்கினார்கள். கை வைக்காதே என்றதைக் கேட்ட முதலாளிகள் குறைவு.

அவருடைய 1911ஆம் ஆண்டுப் புத்தகத்தில் ஷ்மிட் கதை வருகிறது, பட்டம் வரை படித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1899, பெத்லகேம் உருக்காலை. ஆளுக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டரை தொன் வார்ப்பிரும்புக் கட்டிகளைத் தூக்கி ரயில் பெட்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், ஒரு கட்டி 92 இறாத்தல். ஷ்மிட்டைப் பிடித்து, எடு என்றால் எடுத்து இரு என்றால் இருக்க வைத்து, அதை நாற்பத்தேழரை தொன் ஆக்கினார்கள். கூலி 1.15 டொலரில் இருந்து 1.85 டொலர். வேலை நாலு மடங்கு, கூலி ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். அந்தக் கணக்கைப் பார்த்து வயிறு எரிந்த காலம் ஒன்று உண்டு. இப்போது என் கண் வேறு இடத்தில் நிற்கிறது. இந்த வேலைக்குப் பொருத்தமானவன் மாட்டைப் போன்ற புத்தியுள்ளவன் என்று எழுதும் டெய்லர், கொஞ்சம் முன்னால் இதே ஷ்மிட் காலையும் மாலையும் தன் சொந்த வீட்டுச் சுவரைத் தானே கட்டிக்கொண்டிருந்ததாகவும் எழுதுகிறார். வேலைக்கு முன்னும் பின்னும் வீடு கட்டுகிறவனுக்குத் திட்டமிடத் தெரியாதா? அவனுடைய உண்மைப் பெயர் ஹென்றி நோல். பிற்காலத்தில் ஆய்வாளர்கள் ஆலைப் பதிவுகளைக் கிளறிப் பார்த்தபோது டெய்லர் கதைக்கு நல்லாகவே உப்புப் புளி சேர்த்திருந்தது தெரியவந்தது.

1911 ஓகஸ்ட்டில் வோட்டர்டவுன் அரச ஆயுதச் சாலையில் வார்ப்புத் தொழிலாளருக்குப் பக்கத்தில் மணிக்கூட்டோடு ஆள் வந்து நின்றதும் அவர்கள் வேலையை விட்டு வெளியே போனார்கள். விஷயம் அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணை வரை போய், டெய்லர் நாள்கணக்கில் சாட்சி சொல்ல வேண்டி வந்தது. 1915இல் செத்துப்போனார்.

சரி, இனி எங்கள் கொட்டில்.

என் பெரியப்பா யாழ்ப்பாணத்து இணுவிலில் சுருட்டுக் கொட்டில் வைத்திருந்தார். தென்னிலங்கைக் கடைகளுக்குப் போகும் சுருட்டு. கிடுகு வேய்ந்த நீளமான கொட்டில், பாய் விரித்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக இருப்பார்கள், மடியில் பலகை, பக்கத்தில் நனைத்த இலை. இலைக்குப் போடுகிற கோடாவின் மணம் ஒழுங்கை முடக்கிலேயே வந்துவிடும். இலையின் நடு நரம்பை ஒரே இழுவையில் உரித்து, உள்ளே வைப்பதைக் கையாலேயே அளந்து, உருட்டி, மேலிலையைச் சரிவாகச் சுற்றி, முனையை ஒட்டி, வால் நறுக்கி வைப்பார்கள். ஒருவரும் கையைப் பார்ப்பதில்லை, காது முழுக்க வாசிக்கிற அண்ணையிடம் இருக்கும். அவர் ஈழநாடு பத்திரிகையைத் தலையங்கத்தில் இருந்து மரண அறிவித்தல் வரை உரத்து வாசிப்பார், அது முடிந்தால் தொடர்கதை. அவர் வாசிக்கும் நேரத்துக்கு அவருடைய பங்கை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றிக் கொடுப்பார்கள். கியூபாவின் சுருட்டுச் சாலைகளிலும் 1865 தொட்டே இப்படி ஒரு வாசிப்பாளர் இருந்தார் என்று பிறகு படித்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது, நாங்கள் ஏதோ செய்துவிட்டது போல.

கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று. கொட்டிலில் எல்லோரும் ஏறக்குறைய எண்ணூறில் நிற்பார்கள். மூலையில் இருந்தவர் மற்ற எல்லோரையும் விடக் கை சுறுக்கானவர், அவரும் எண்ணூறு. மூன்று மணிக்கே எண்ணூறு வந்துவிட்டால் அதற்குப் பிறகு இலையைத் தடவிக்கொண்டிருப்பார், வெற்றிலை போடுவார், கத்தி தீட்டுவார். பெரியப்பாவுக்கு இது தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்.

1979ஆம் ஆண்டு. பெரியப்பாவின் மூத்த மகன், எனக்கு அண்ணா, கொழும்பில் கணக்கியல் படித்துவிட்டு வந்திருந்தார். கையில் சீக்கோ மணிக்கூடு. ஒரு நாள் காலமை கொட்டிலுக்குள் கதிரை போட்டு மூலைக்காரருக்கு எதிரில் இருந்துகொண்டு, ஐம்பது சுருட்டுக்கு எத்தனை நிமிடம் என்று எழுதத் தொடங்கினார். எனக்குப் பத்து வயது, பள்ளிக்கூட விடுமுறை, வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூலைக்காரர் அன்றைக்குச் சுற்றின அழகை என்னவென்று சொல்ல! ஒவ்வொரு இலையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நரம்பைக் கோயில் திரி மாதிரிப் பக்குவமாக எடுத்தார், சுற்றினதைக் குலைத்துத் திரும்பச் சுற்றினார். வாசிக்கிற அண்ணை தலையங்கத்தை ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசித்தார். அண்ணா மூன்று நாள் எழுதினார். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு ஆள் நாளொன்றுக்கு அறுநூறு சுற்றத்தான் இயலும் என்று வந்தது.

பெரியப்பா வாய்விட்டுச் சிரித்ததை நான் கண்டது அன்றைக்கு ஒருநாள்தான்.

அண்ணா விடவில்லை. ஆயிரத்துக்கான கூலியைச் சற்றே குறைத்து, ஆயிரத்துக்கு மேல் சுற்றுகிறவனுக்கு மேலதிகமாக ஒரு தொகை என்று வைத்தார். முதல் கிழமையே மூன்று நான்கு பேர் ஆயிரத்தைத் தாண்டினார்கள். வாசிப்பு நின்றது, அண்ணையின் பங்கைச் சுற்றிக் கொடுக்க ஆள் இல்லை. அடுத்த மாதம் காலிப் பக்கத்துக் கடையில் இருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது, கூடவே கடிதம்: சுருட்டு இறுக்கமில்லை, இழுக்க இழுக்க அணைகிறது. பெரியப்பா பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து விரலால் அமத்திப் பார்த்தார். “பழைய காசையே குடு” என்று அண்ணாவிடம் சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

அவரை நல்ல முதலாளி என்று சொல்ல வரவில்லை. முற்பணம் கொடுத்தே ஆட்களைக் கட்டி வைத்திருந்தவர், வருடக்கணக்காகக் கூலியைக் கூட்டாதவர். நான் முதலாளி வீட்டுப் பிள்ளை, கொட்டில்காரரின் பக்கத்துக் கதை எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஆனால் மூலைக்காரரிடம் ஒருநாள் கேட்டேன், ஏன் எண்ணூறோடு நிற்கிறீர்கள் என்று. “தம்பி, நான் இண்டைக்கு ஆயிரத்து இருநூறு சுத்திக் காட்டினன் எண்டு வையும். நாளைக்கு உங்கட பெரியப்பா ஆயிரத்துக்கு இவ்வளவு காணும் எண்டுவார். பிறகு நான் ஆயிரத்து இருநூறு சுத்தித்தான் எண்ணூறுக் காசு எடுக்க வேணும். அந்தா, அந்தக் கிழவன் என்ன செய்வான்?” வரிசையின் கடைசியில் கை நடுங்க நடுங்கச் சுற்றிக்கொண்டிருந்தவரைக் கண்ணால் காட்டினார்.

பல்கலைக்கழகத்தில் ஹோதோர்ன் ஆய்வுகளுக்கு வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. விரிவுரையில் வழக்கமாக வெளிச்சக் கதையைத்தான் சொல்லுவார்கள்: சிக்காகோவுக்குப் பக்கத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் தொழிற்சாலை, 1924இல் விளக்கைக் கூட்டினார்கள், உற்பத்தி கூடியது, குறைத்தார்கள், அப்போதும் கூடியது, ஆகவே மனிதனைக் கவனித்தால் மனிதன் வேலை செய்வான். ஹார்வர்ட் பேராசிரியர் எல்டன் மேயோவின் பெயரைச் சொல்லி ஒரு கோடு கீறிவிட்டு அடுத்த பாடம். 1927இல் தொடங்கிய அடுத்த பரிசோதனையில் தனி அறைக்குள் பெண்களின் உற்பத்தி ஏறியது உண்மைதான். அதே நேரம் அவர்களுக்குக் கூலி கணக்கிடும் முறையும் மாற்றப்பட்டது, கதைக்கிறார்கள், ஒத்துழைக்கவில்லை என்று நடுவில் இருவரை எடுத்துவிட்டு வேறு இருவரைப் போட்டார்கள். இதைச் சொல்லாமல் அன்பு ஆதரவு என்று மட்டும் பாடம் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் என்னைப் பிடித்தது கடைசிப் பரிசோதனை, 1931-32இல் தொலைபேசி இணைப்புப் பலகைகளுக்குக் கம்பி பொருத்திய பதினான்கு ஆண்களின் அறை. மூலையில் ஒரு அவதானிப்பாளர் ஒன்றும் பேசாமல் இருந்து எழுதிக்கொண்டிருந்தார். நாளொன்றுக்கு இரண்டு பலகை என்பது அந்த அறையின் எழுதாத சட்டம். கூடச் செய்கிறவனுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள், புயத்தில் குத்தினார்கள், வலிக்கத்தான். குறையச் செய்கிறவனுக்கும் திட்டு. மேலிடத்துக்குக் கோள் சொன்னால் அதோடு சரி. இன்றைக்குக் கூடினதைக் கணக்கில் காட்டாமல் வைத்திருந்து, குறைந்த நாளில் காட்டினார்கள். அறிக்கையில் கோடு நேராகப் போனது. அப்படியே எங்கள் கொட்டில், ஈழநாடு இல்லாத குறை மட்டும்.

ஆய்வாளர்கள் இதைத் தொழிலாளரின் உணர்வு, குழு மனப்பான்மை என்ற பக்கம் கொண்டுபோனார்கள். கூலியை அந்தக் கம்பனி அப்படி வெட்டியதில்லையே, ஆகவே இந்தப் பயம் கணக்கில் இருந்து வரவில்லை என்பது அவர்கள் வாதம். எனக்கு ஒப்பவில்லை. வெளியே பொருளாதார மந்தம், ஆட்களை நிற்பாட்டிக்கொண்டிருந்தார்கள், அந்த அறையே கடைசியில் வேலை இல்லாமல்தான் மூடப்பட்டது. இருக்கிற வேலையைச் சுறுக்காக முடித்துக் கொடுத்தால் சுறுக்காக வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதற்கு உளவியல் எதற்கு, கூட்டல் கழித்தல் போதும்.

இதை நான் தத்துவமாகச் சொல்லவில்லை, நானும் செய்திருக்கிறேன். 2011இல், யுத்தம் முடிந்து ஏ9 பாதை திறந்து கம்பனிகள் வரிசையாக யாழ்ப்பாணத்துக்கு வந்த காலம், ஒரு நிதி நிறுவனத்தில், தவணைக் கட்டணத்துக்கு வாகனம் எடுத்துக் கொடுக்கிற லீசிங் பகுதியில் சேர்ந்தேன். மாதம் இத்தனை மோட்டார் சைக்கிள் என்று டார்கெட். முதல் மாதம் ஆர்வக்கோளாறில் டார்கெட்டை விட ஆறு கூடச் செய்தேன். கிளைக் கூட்டத்தில் கைதட்டினார்கள், கேக் வெட்டினார்கள், அடுத்த மாத டார்கெட்டில் அந்த ஆறும் ஏறியிருந்தது. எங்கள் கிளையில் நெடுநாள் இருந்த ஒருவர் தேத்தண்ணி குடிக்கும்போது என்னிடம், “தம்பி, இருபத்தைஞ்சாந் தேதிக்குப் பிறகு வாற பைலை லாச்சிக்குள்ள வையும்” என்றார். வைத்தேன். நாலு வருடம் என் லாச்சிக்குள் எப்போதும் நாலைந்து பைல் இருந்தது. அறிக்கையில் என் கோடும் நேராகப் போனது. பாதிக்கப்பட்டது யார் என்றால், மோட்டார் சைக்கிளுக்குக் காசு கட்டக் காத்திருந்து, ஒன்றாந் தேதி வரை ஏதேதோ சாட்டுக் கேட்டுக்கொண்டு நின்ற பெடியன்கள்.

டார்கெட்டுக்கும் ஒரு தகப்பன் இருக்கிறார். முகாமைத்துவம் பற்றி எழுதிய பீட்டர் டிரக்கர் 1954இல் எழுதியது வெறும் குறிக்கோள்வழி முகாமைத்துவம் இல்லை, குறிக்கோளும் சுயகட்டுப்பாடும் என்று இரண்டையும் சேர்த்துத்தான் எழுதினார். தன் குறிக்கோளை அமைப்பதில் வேலை செய்கிறவனுக்கும் பங்கு வேண்டும், அளவுகோல் அவன் தன்னைத்தான் பார்த்துத் திருத்திக்கொள்வதற்கு. எங்கள் கிளைக்கு வந்து சேர்ந்தது முதல் பாதி, அதுவும் எக்செல் தாளாக. டெய்லருக்கு நடந்ததேதான் இவருக்கும்.

நடுவில் இன்னும் எத்தனையோ பேர். மேரி பார்க்கர் பொலட் என்ற பெண்மணி 1920களிலேயே, ஒருவர் மேல் செலுத்தும் அதிகாரம் வேறு, ஒருவரோடு சேர்ந்து உண்டாக்கும் அதிகாரம் வேறு என்று பேசினார். அவரைப் பாடத்திட்டத்தில் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள், எனக்கு அது பெரிய குறை. செஸ்டர் பார்னார்ட், தானே ஒரு தொலைபேசிக் கம்பனியின் தலைவர், 1938இல் எழுதினார்: கட்டளைக்கு அதிகாரம் இருக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது அதைக் கேட்கிறவன்தான். 1960இல் மக்கிரகர் எக்ஸ், வை என்று இரண்டு கோட்பாடு சொன்னார், மனிதன் இயல்பாகவே வேலைக்குப் பின்னடிப்பவன் என்று பார்ப்பது எக்ஸ், தானே பொறுப்பெடுப்பவன் என்று பார்ப்பது வை, அது பரீட்சைக்கு நிச்சயம் வரும் என்று மருமகளிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஜப்பான் கதையில் ஒன்றே ஒன்று. டொயோட்டா குடும்பம் கார் செய்ய முன் தறி செய்தவர்கள், நூல் அறுந்தால் தானாக நிற்கும் தறி. அந்த யோசனையைத் தாயீச்சி ஓனோ கார் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தார்: பிழையைக் கண்ட தொழிலாளி தானே வரிசையை நிறுத்தலாம். சுருட்டு இறுக்கமில்லை என்று காலியில் இருந்து கடிதம் வரத் தேவையில்லை, சுற்றுகிறவனுக்கு அது விரலிலேயே தெரியும். அவனுக்கு நிறுத்த அனுமதி இருக்கிறதா, நிறுத்தினால் கூலியில் வெட்டுவார்களா என்பதுதான் விஷயம்.

கொட்டில் 1995 ஒக்டோபர் இடப்பெயர்வோடு முடிந்தது. திரும்பி வந்தபோது வளைமரமும் இல்லை, கிடுகும் இல்லை. பெரியப்பா சாவகச்சேரியிலேயே காலமாகிவிட்டார். அண்ணா கனடாவில், ஓய்வு பெற்றுவிட்டார்.

2014இல் ஒரு செத்த வீட்டில் மூலைக்காரரைக் கண்டேன். ஆள் வற்றிப் போயிருந்தார், கண் மட்டும் அப்படியே. பின்னேரம் வீட்டுக்கு வரச் சொன்னார், போனேன். தான் புகைப்பதற்கு மட்டும் இன்னும் தானே சுற்றுவாராம். மடியில் பலகையை வைத்து, ஊர்க்கதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே சுற்றத் தொடங்கினார். நான் இப்படி ஒரு வேகத்தைக் கண்டதில்லை. நரம்பு பறந்தது, இலை திரும்பினதே தெரியவில்லை, பலகையில் ஒன்று, இரண்டு, நான்கு என்று விழுந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்தில் ஆயிரத்து இருநூறு என்று சொன்னதைக்கூடக் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார். என்னை அறியாமல் என் கண் இடது கை மணிக்கட்டுக்குப் போனது.

அவர் கதையை நிற்பாட்டவில்லை. கை மட்டும் மெதுவாகியது. ஒரு இலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், கீழே வைத்தார், வேறு ஒன்றை எடுத்தார்.